திரைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்

2010ஆம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமச் சாலைகளில் ஒரு பேருந்து ஓடத் தொடங்கியது. அதில் டிக்கெட் கிடையாது, இருக்கை வரிசை கிடையாது. உள்ளே ஒரு சிறிய ஆலோசனை அறை, அதில் திரையும் கேமராவும். இன்னொரு பக்கம் மருந்து கொடுக்கும் இடம். குறித்த நாளில் குறித்த ஊரில் வண்டி வந்து நிற்கும். மனநோயால் அவதிப்படுபவரை வீட்டார் கூட்டிவந்து திரைக்கு முன்னால் உட்காரவைப்பார்கள். சென்னையில் இருக்கும் மனநல மருத்துவர் திரையில் தோன்றி விசாரிப்பார், மருந்து எழுதுவார். அந்த மருந்து அதே வண்டியில் காசில்லாமல் கைக்கு வந்துவிடும்.

ஸ்கார்ஃப் என்று பரவலாக அறியப்படும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி அறக்கட்டளையின் வண்டி அது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய நிறுவனம். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பல ஆண்டுகள் இருந்தவர் அவர். அவருக்குப் பின் நிறுவனத்தை வழிநடத்திய மருத்துவர் ஆர். தாராவின் காலத்தில்தான் திரைவழி மருத்துவம் வந்தது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு கடலோர ஊர்களில் உறவுகளை இழந்து நின்றவர்களுக்கு உதவ இந்த வழியை அவர்கள் கையாளத் தொடங்கினார்கள். அங்கே கற்றது பிறகு சக்கரம் பூட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்கு வந்தது.

இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் திரையைப் பற்றியே பேசுகிறார்கள். என் கவனம் வண்டிக்கு வெளியே நின்ற ஆள்மீது போகிறது. அந்தந்தப் பகுதியிலேயே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கப்பட்ட களப்பணியாளர்கள் இந்தத் திட்டத்தில் இருந்தார்கள். எந்த வீட்டில் யார் வருடக்கணக்காகப் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். வண்டி வருகிற நாளை நினைவூட்டுவது, வராதவரைத் தேடிப் போவது, மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பது எல்லாம் அவர்கள் வேலை. சென்னை மருத்துவரின் சில நிமிடப் பேச்சு அடுத்த சந்திப்பு வரை ஒரு வீட்டில் உயிரோடு இருந்ததென்றால் அது அவர்களால்தான்.

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகிற சாலையில் இருக்கிறது திருவரங்குளம். அரிதீர்த்தேசுவரர் கோயிலால் வெளியூரிலும் அறியப்பட்ட ஊர்; ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமும் அதுதான். சுற்றிலும் வடகாட்டுப் பலா, கீரமங்கலத்துப் பூ, தென்னந்தோப்புகள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் இந்தத் தோப்புகளில் பெரும்பகுதியைச் சாய்த்துவிட்டுப் போனது. பல வீடுகளில் ஆண்கள் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஒரு பகுதியில், நான்கு வயதுப் பிள்ளையின் முரட்டுப் பிடிவாதத்தோடு தினமும் மல்லுக்கட்டும் ஒரு தாய்க்குத் திரை வழியாக உதவ முடியுமா? முடியும் என்று நினைக்கிறேன். ஏன் முடியும், எங்கே முடியாமல் போகும் என்பதைப் பார்க்க, ஒரு பிள்ளையின் அழுகைக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

*

சாயங்காலம். அம்மா அடுப்பில் உலை வைத்திருக்கிறாள். பையன் செல்போன் கேட்கிறான். "இப்பதானப்பா பாத்த, போதும்" என்கிறாள். சிணுங்கல் தொடங்குகிறது. அவள் சத்தம் போடுகிறாள். அவன் தரையில் விழுந்து புரள்கிறான். அவள் கையை ஓங்குகிறாள். அவன் தலையைச் சுவரில் முட்டுகிறான். திண்ணையிலிருந்து அப்பத்தா குரல் கொடுக்கிறார்: "குடுத்துத் தொலையேண்டி, புள்ள அழுது ஏங்கிப் போவும்." அவள் போனைக் கொடுக்கிறாள். வீடு அமைதியாகிறது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் இப்படிப்பட்ட நிமிடங்களை ஆராய்வதில் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். அவருடைய குழுவினர் வீடுகளுக்கே போய் உட்கார்ந்து, யார் என்ன செய்தார், அடுத்த நொடியில் மற்றவர் என்ன செய்தார் என்று வரிசையாகக் குறித்துக்கொண்டே வந்தார்கள். 1982இல் வந்த அவருடைய நூல் இந்தச் சுழலை விரிவாக விளக்கியது. அவர் கண்டது இது: போன் கைக்கு வந்த நொடியில் இரண்டு பேர் பாடம் கற்றுக்கொள்கிறார்கள். தலையை முட்டும் அளவுக்குப் போனால்தான் கேட்டது கிடைக்கும் என்று பையன் கற்கிறான். கொடுத்தால் இந்தச் சத்தம் நிற்கும் என்று அம்மா கற்கிறாள். இருவருக்கும் உடனடிப் பலன் கிடைத்துவிட்டது. எனவே நாளைக்கும் இதே நடக்கும், இன்னும் கொஞ்சம் சீக்கிரமாக, இன்னும் கொஞ்சம் பலமாக. அம்மா அடித்து அவன் அடங்கிய நாளிலும் கணக்கு மாறுவதில்லை. அன்றைக்கு அடிக்குப் பலன் கிடைத்திருக்கிறது, அடுத்த முறை கை இன்னும் வேகமாக ஓங்கும்.

இந்த விளக்கத்தில் நான் மிகவும் மதிக்கும் அம்சம் ஒன்று உண்டு. இதில் குற்றவாளி இல்லை. பிள்ளை கெட்டவன் இல்லை, வளர்ப்பு சரியில்லை என்று தாயைத் திட்டவும் இடமில்லை. "செல்லம் குடுத்துக் கெடுத்துட்டா" என்று ஊரார் சொல்வதைக் கேட்டுக் கேட்டுக் கூனிப்போன ஒரு பெண்ணிடம், இது இரண்டு பேரும் சேர்ந்து விழுந்த ஒரு சுழல், இதிலிருந்து வெளியே வர வழி இருக்கிறது என்று சொல்வதே பாதி மருந்து.

வழி என்ன? உலகெங்கும் பெற்றோருக்கான பயிற்சித் திட்டங்கள் பல பெயர்களில் இருக்கின்றன. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே சரக்கு. முதல் பாதி உறவைச் சீராக்குவது. தினமும் ஐந்து, பத்து நிமிடம் பிள்ளையின் போக்கில் கூட இருப்பது. அந்த நேரத்தில் கேள்வி கேட்கக் கூடாது, ஏவக் கூடாது, திருத்தக் கூடாது; அவன் செய்வதைச் சொல்லிக்கொண்டே உடன் விளையாட வேண்டும். அவன் நல்லபடியாக நடக்கும்போது எது நன்றாக இருந்தது என்று பெயர் சொல்லிப் பாராட்ட வேண்டும். இரண்டாம் பாதி எல்லை வகுப்பது. ஒரு நேரத்தில் ஒரு சொல், அவன் கண் பார்த்து, அவனால் செய்யக்கூடியதாக. அடியில்லாத, முன்கூட்டியே சொல்லிவைத்த, சிறிய விளைவு. வேண்டாத சிணுங்கலுக்குக் கவனம் கொடுக்காமல் இருப்பது.

இரண்டாம் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு முதல் பாதியை விட்டுவிடுகிற அவசரம் பலரிடம் இருக்கிறது. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. கூட இருக்கும் நேரம் இல்லாத வீட்டில், சிணுங்கலைக் கவனிக்காமல் விடுவது என்பது பிள்ளையையே கவனிக்காமல் விடுவதாகிவிடும்.

இதெல்லாம் ஒரு பக்கத் தாளில் எழுதிக் கொடுத்துவிடக் கூடியது. அப்புறம் எதற்குப் பயிற்சி, எதற்குத் தொலைபேசி? அம்மா சிணுங்கலுக்குப் பணியாமல் இருக்கத் தொடங்கியதும் முதல் சில நாட்களில் அழுகை குறையாமல் கூடிவிடலாம். இதுவரை வேலை செய்த வழி திடீரென்று வேலை செய்யவில்லை என்றால் எந்த உயிரும் முதலில் அதையே இன்னும் பலமாகச் செய்து பார்ப்பதுண்டு. கற்றல் ஆய்வாளர்கள் உளவியலாளர் ஸ்கின்னர் காலத்திலிருந்தே அறிந்த சங்கதி இது. மூன்றாம் நாள் அழுகையின் உச்சத்தில் அம்மா மனம் தளர்ந்து போனைக் கொடுத்துவிட்டால், பையன் கற்கும் பாடம் முன்னதைவிட மோசமானது: விடாமல் அழுதால் கடைசியில் கிடைக்கும். எப்போதாவது கிடைக்கும் பலன்தான் பழக்கத்தை மிக ஆழமாக வேரூன்றச் செய்கிறது. ஆகவே அந்த மூன்றாம் நாளில், "இது எதிர்பார்த்ததுதான்" என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். தாளால் அது முடியாது. மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் பார்க்கும் மருத்துவமனையாலும் முடியாது.

*

1997இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ஒரு சிறிய ஆய்வு வெளியானது. நகரத்திலிருந்து வெகுதூரத்தில் வாழும் குடும்பங்களுக்காக மாத்யூ சாண்டர்ஸ் குழுவினர் செய்த ஏற்பாடு எளிமையானது: வீட்டில் வைத்துப் படிக்க ஒரு புத்தகமும் பயிற்சித் தாள்களும், வாரந்தோறும் ஒரு சிறிய தொலைபேசி அழைப்பும். வீடியோ கிடையாது, நேரில் சந்திப்பு கிடையாது. பிள்ளைகளின் எதிர்ப்பும் அடமும் குறைந்தன. பெற்றோரின் தன்னம்பிக்கை கூடியது. சாண்டர்ஸ் உருவாக்கிய டிரிபிள் பி என்ற பெற்றோர் பயிற்சித் திட்டம் பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. அதன் அடிப்படைக் கொள்கை ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு: ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு உதவி போதுமோ அவ்வளவே கொடு, அதற்கு மேல் கொடுக்காதே. தூக்கம் ஒன்றுதான் பிரச்சினை என்றால் தூக்கத்தைப் பற்றி மட்டும் பேசினால் போதும். இரண்டு மணி நேரக் கூட்டம் ஒன்றே பலருக்குப் போதுமானது.

பின்லாந்தில் இதைவிடப் பெரிய அளவில் செய்தார்கள். அங்கே நான்கு வயதில் எல்லாப் பிள்ளைகளும் ஊர்ச் சுகாதார நிலையத்துக்குப் பரிசோதனைக்கு வருவது வழக்கம். ஆந்த்ரே சோராந்தர் தலைமையிலான துர்க்கு பல்கலைக்கழகக் குழு அந்த வருகையைப் பயன்படுத்திக்கொண்டது. 4,656 பிள்ளைகளின் பெற்றோரிடம் சில கேள்விகள் கேட்டு, அடமும் முரட்டுத்தனமும் அதிகமாக இருந்த குடும்பங்களைக் கண்டறிந்தது. 464 குடும்பங்கள் ஆய்வில் சேர்ந்தன. பாதிப் பேருக்கு இணையவழிப் பயிற்சி, 11 பாடங்கள், வாரம் ஒருமுறை தொலைபேசியில் ஒரு பயிற்றுநர். 2016இல் முடிவு வெளியானது: பயிற்சி பெற்ற குடும்பங்களில் பிள்ளைகளின் தொந்தரவான நடத்தை தெளிவாகக் குறைந்திருந்தது, இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் வித்தியாசம் நிலைத்திருந்தது. பயிற்றுநரைப் பல குடும்பங்கள் நேரில் பார்த்ததே இல்லை.

இந்த ஆய்வில் என்னைக் கவர்ந்தது இணையம் இல்லை, அந்தச் சுகாதார நிலையம்தான். உதவி வேண்டும் என்று யாரும் கதவைத் தட்டவில்லை. தடுப்பூசிக்கு வருவதுபோல் எல்லோரும் வருகிற இடத்தில் கேட்டார்கள். "என் பிள்ளைக்குக் கோளாறு" என்ற முத்திரை எந்த வீட்டுக் கதவிலும் விழவில்லை. நம் அங்கன்வாடிகளை நினைக்காமல் இதைப் படிக்க முடியவில்லை.

மூன்றாவது ஆய்வு இன்னும் நுட்பமானது. 1970களில் ஷீலா ஐபெர்க் உருவாக்கிய பயிற்சிமுறை ஒன்றில் பெற்றோர் பிள்ளையோடு ஓர் அறையில் விளையாடுவார். பயிற்றுநர் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, பெற்றோரின் காதில் உள்ள சின்னக் கருவி வழியே மெல்லச் சொல்லிக்கொடுப்பார். "இப்போது அவன் கட்டையை மெதுவாக வைத்தான், அதைச் சொல்லுங்கள்." ஜொனாதன் கோமர் குழுவினர் இதே பயிற்சியை வீட்டில் ஒரு வெப்கேமராவும் காதுக் கருவியும் வைத்து இணையவழியாக நடத்தினார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வில் 40 குடும்பங்கள் இருந்தன. பாதிப்பேர் மருத்துவமனைக்கு வந்தார்கள், பாதிப்பேர் வீட்டிலேயே இருந்தார்கள். வீட்டிலிருந்தவர்கள் எந்த விதத்திலும் பின்தங்கவில்லை. சில அளவீடுகளில் முந்தினார்கள்.

இதில் வியப்பில்லை என்று தோன்றுகிறது. ஆலோசனை அறையில் அடுப்பு இல்லை, உலை இல்லை, திண்ணையில் அப்பத்தா இல்லை. பிள்ளை எங்கே அடம்பிடிக்கிறதோ அங்கேயே கற்றால், அங்கே பயன்படும். காய்ச்சலைப் போல நடத்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பல நாட்களில், ஆலோசனை அறைக்குள் நுழைந்ததும் பிள்ளை சாதுவாகிவிடும். அம்மா பொய் சொல்வதுபோல் ஆகிவிடும். தூரத்திலிருந்து உதவுவது நேரில் உதவ வழியில்லாததால் வந்த சமரசம் என்றே பலரும் எண்ணுகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் தூரமே வீட்டுக்குள் போக வழி திறந்துவிடுகிறது.

*

தமிழ்நாட்டில் இதற்கு மிக நெருக்கமான அனுபவம் தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் இருக்கிறது. எஸ். ராமகிருஷ்ணன் 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தார். 1981இல் சொந்த ஊரில் அவர் தொடங்கிய அமர் சேவா சங்கம் இன்று மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கான பெரிய நிறுவனம். வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளின் வீடுகளுக்கு அவர்களுடைய மறுவாழ்வுப் பணியாளர்கள் நேரில் போகிறார்கள். பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள். கையில் உள்ள செயலியில் குழந்தையின் முன்னேற்றத்தைக் குறிக்கிறார்கள். இயன்முறை, பேச்சுப் பயிற்சி வல்லுநர்கள் அதைத் தொலைவிலிருந்து பார்த்து அடுத்த படியைச் சொல்கிறார்கள். பயிற்சியைச் செய்வதோ அம்மா. குளிப்பாட்டும்போதும் ஊட்டும்போதும் என்ன செய்யலாம் என்று அவருக்குக் காட்டித் தருவதே திட்டத்தின் உயிர்நாடி.

2020 மார்ச் 25 நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. அதே தேதியில்தான் தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு வெளியிட்டது. வீட்டுக்குப் போக முடியாத நிலையில் ஆய்க்குடிப் பணியாளர்கள் போனிலும் வீடியோவிலும் பெற்றோருக்கு வழிகாட்டத் தொடங்கினார்கள். அவர்களால் அவ்வளவு சீக்கிரம் மாற முடிந்ததற்குக் காரணம் செயலி மட்டுமில்லை. அந்தக் குரல் அந்த வீட்டுக்கு ஏற்கெனவே தெரிந்த குரல்.

அதே மார்ச் மாதத்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் லூசி க்ளூவரும் அவருடைய கூட்டாளிகளும், உலக சுகாதார நிறுவனத்தோடும் யுனிசெஃபோடும் சேர்ந்து, வீட்டில் அடைபட்ட பெற்றோருக்கான ஒரு பக்கக் குறிப்புகளை வெளியிட்டார்கள். நூறு மொழிகளுக்கு மேல் அவை போய்ச் சேர்ந்தன. நல்ல வேலை, வேண்டிய நேரத்தில் செய்த வேலை. ஆனாலும் குறிப்பு ஒன்று, துணை வேறொன்று. மூன்றாம் நாள் அழுகையில் குறிப்பு பதில் சொல்லாது.

படித்த வல்லுநர் இல்லாமல் இதைச் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு நம் துணைக்கண்டத்திலேயே விடை உண்டு. கோவாவில் சங்கத் அமைப்பும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் இன்னொரு குழுவும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகள். பயிற்சி கொடுத்தவர்கள் சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள். அம்மாவும் குழந்தையும் விளையாடுவதைச் சில நிமிடம் வீடியோ எடுப்பார்கள். பிறகு பணியாளரும் அம்மாவும் உட்கார்ந்து அதைப் பார்ப்பார்கள். "இந்த இடத்தில் அவன் உங்களைத் திரும்பிப் பார்த்தான், நீங்கள் என்ன செய்தீர்கள்?" 6 மாதத்தில் 12 அமர்வுகள். பெற்றோர் குழந்தையின் போக்கோடு இசைந்து பேசுவது நன்றாகக் கூடியது. குழந்தைகள் தாமாகவே பேச்சைத் தொடங்குவதும் கூடியது. பெற்றோரும் குழந்தையும் ஒரே பொருளில் கவனம் குவிக்கும் நேரம் மட்டும் குறைந்திருந்தது. ஆய்வாளர்கள் அதையும் மறைக்காமல் எழுதினார்கள். எல்லாமே மேம்பட்டுவிட்டது என்று முழங்கும் அறிக்கைகளைவிட இப்படிப்பட்ட அறிக்கையையே நான் நம்புகிறேன்.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இந்த வழி புதிதும் இல்லை. 1991இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் இங்கே நடந்தது. ஊர்ப் பெண்களும் இளைஞர்களும் சம்பளமில்லாத ஆசிரியர்களானார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பட்டம் பெற்ற ஆசிரியருக்காக யாரும் காத்திருக்கவில்லை. நாலெழுத்து தெரிந்தவர் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்தார். லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில், குழந்தை மனநல மருத்துவர் அதைவிட அரிதாக இருக்கும் நாட்டில், அந்த இயக்கம் காட்டிய வழியைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அப்படி ஒரு பணியாளர் போனில் பேசினால் எப்படி இருக்கும்? கீரமங்கலம் பக்கத்து ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாய் அழைக்கிறாள்.

"அக்கா, நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன். முன்னவிட ஜாஸ்தியா அழுவுறான்."

"எத்தன நாளா?"

"மூணு நாளா. நேத்து அவங்க அப்பத்தா போனக் குடுத்துட்டாங்க."

"சரி, அத விடுங்க. இன்னைக்கு அவன் நல்லா இருந்த நேரம் எது?"

"காலையில பூக் கட்டையில பக்கத்துல உக்காந்து நாரு எடுத்துக் குடுத்தான்."

"அப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. எங்க அடம்புடிச்சிருவானோன்னு பயந்துக்கிட்டே கட்டுனேன்."

"நாளைக்கு அந்த எடத்துல சொல்லுங்க. அம்மாவுக்கு நாரு எடுத்துக் குடுக்குறியே, வெரசா முடிஞ்சிருச்சுன்னு. அழுக இன்னும் ரெண்டு மூணு நாளு இருக்கும். அப்பறம் கொறையும். நாளான்னிக்கு நானே பேசுறேன். அப்பத்தாவும் பக்கத்துல இருந்தா நல்லது."

இரண்டு நிமிடப் பேச்சு. இதில் மருத்துவமொழி ஒன்றும் இல்லை. ஆனால் பேட்டர்சனின் சுழல் இருக்கிறது, அழுகை கூடும் என்ற எச்சரிக்கை இருக்கிறது, பெயர் சொல்லிப் பாராட்டுவது இருக்கிறது. அப்பத்தாவைக் குற்றம் சொல்லாமல் அவரையும் உள்ளே இழுக்கும் பண்பும் இருக்கிறது. வெளிநாட்டுப் பாடத்தில் "தரையில் உட்கார்ந்து பொம்மை வைத்து விளையாடுங்கள்" என்று இருக்கும். இங்கே பூக் கட்டும் நேரமே அந்த நேரம். நார் எடுத்துக் கொடுப்பதே விளையாட்டு. இப்படி மாற்றிக்கொள்ள, அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அறிந்தவர் வேண்டும்.

*

தடைகளைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் முக்கால்வாசிப் பெண்களிடம் தாங்களே பயன்படுத்தும் கைபேசி இருந்தது. ஆனால் ஒருமுறையாவது இணையம் பயன்படுத்தியவர்கள் பாதிக்கும் குறைவு. இன்று நிலைமை மாறியிருக்கும். ஆனாலும் வீடியோ இருந்தால்தான் நடக்கும் என்று திட்டத்தை அமைத்தால், யாருக்கு மிகவும் தேவையோ அவர்தான் முதலில் வெளியேறுவார். குவீன்ஸ்லாந்தில் வெறும் தொலைபேசியே போதுமானதாக இருந்தது என்பதை இங்கே மறக்கக் கூடாது. பட்டன் போன் வைத்திருப்பவருக்கும் இடமிருக்க வேண்டும்.

அடுத்தது தனிமை. ஒரே அறை உள்ள வீட்டில் மாமியார் காதுபடப் பிள்ளையைப் பற்றிப் பேசலாம். புருஷனைப் பற்றிப் பேச முடியாது. வீட்டில் அடி உதை இருந்தால், ஸ்பீக்கரில் போன் இருக்கும்போது ஒரு தவறான கேள்வியே அவளுக்கு ஆபத்தாகிவிடும். "இப்ப பேசலாமா, கூட யாராவது இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத் தொடங்குவது, ஆமாம் இல்லை என்று மட்டும் பதில் சொல்லும்படி கேட்பது எல்லாம் பயிற்சியில் முதல் நாளே வர வேண்டும். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எப்போது, எப்படி அழைப்பது என்பதும்.

எல்லாவற்றையும் போன் தீர்க்காது. இரண்டு வயதாகியும் பேச்சு வராத குழந்தை, பேசிக்கொண்டிருந்து நிறுத்திவிட்ட குழந்தை, வலிப்பு வருகிற குழந்தை இவர்களை நேரில் பார்க்க வேண்டும். மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் அதற்காகத்தான் இருக்கிறது. காது சரியாகக் கேட்காத பிள்ளையைச் "சொன்ன பேச்சைக் கேட்காதவன்" என்று எண்ணி ஆறு வாரம் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தால் அது பெரும் அநியாயம். அம்மாவே உறக்கமின்றி, எதிலும் பிடிப்பின்றி, சாவைப் பற்றிப் பேசுகிறாள் என்றால் பிள்ளையின் பாடம் பிறகு. முதலில் அவளுக்குச் சிகிச்சை. 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் தொலைபேசி மனநல சேவை இயங்குகிறது. பணியாளருக்கு அந்த எண் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

இன்னொரு தடை வேலைப் பளு. அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் செவிலியர், 2021 ஆகஸ்ட் முதல் வீடு வீடாகப் போகும் மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர் என்று எல்லோர் தலையிலும் ஏற்கெனவே ஏராளமான பதிவேடுகள். இந்த வேலையையும் சம்பளமில்லாமல் அவர்கள் தலையில் ஏற்றினால் திட்டம் மூன்றாம் மாதத்தில் பெயரளவுக்குச் சுருங்கிவிடும். அழைப்புக்கு நேரமும் அந்த நேரத்துக்குப் பணமும் ஒதுக்க வேண்டும். மாதம் ஒருமுறையாவது அந்தப் பணியாளரின் மனச்சுமையைக் கேட்க ஒரு மூத்தவர் வேண்டும். ஸ்கார்ஃப் பேருந்தில் சென்னை மருத்துவர் செய்தது நோயாளியைப் பார்ப்பது மட்டுமில்லை. களத்தில் நிற்பவருக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு துணையாகவும் இருந்தார்.

திருவரங்குளம் ஒன்றியத்தில் இதைத் தொடங்கச் சொன்னால் நான் அங்கன்வாடியில் தொடங்குவேன். பின்லாந்தைப் போல, எல்லாப் பெற்றோரிடமும் ஐந்தாறு கேள்விகள். தேவைப்படுகிறவர்களுக்கு ஒருமுறை நேரில் சந்திப்பு. முகம் பார்க்காத குரலுக்கு இங்கே நம்பிக்கை எளிதில் வராது. பிறகு ஆறு வாரம், வாரம் ஒரு முழு அழைப்பு, நடுவில் ஒரு சின்ன அழைப்பு. ஒரு குடும்பத்துக்கு ஒரே ஒரு பிரச்சினை: தூக்கமோ, சாப்பாடோ, அடிப்பதோ, போனோ. படிக்கச் சிரமப்படுவோருக்கு வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ். பூப்பறிப்பு நாள், நூறு நாள் வேலை நேரம், கோயில் திருவிழா பார்த்து அழைப்பு நேரத்தைத் தாயே சொல்ல வேண்டும்.

அப்பாவை மறந்துவிட்டு எந்தத் திட்டமும் போடக் கூடாது. உலகின் பெரும்பாலான பெற்றோர் பயிற்சிகளில் அப்பாக்கள் வருவதே அரிது. வேலை, தூரம் என்று காரணம் சொல்வார்கள். இந்த ஒன்றியத்தில் தூரத்தில் இருக்கும் அப்பாக்களோ தினமும் வீடியோவில் பிள்ளையைப் பார்க்கிறார்கள். "சாப்பிட்டியா, படிச்சியா, அம்மா சொல்லக் கேக்குறியா" என்ற மூன்று கேள்விகளோடு அந்தப் பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பிள்ளை தலையாட்டிவிட்டு ஓடிவிடுகிறான். அங்கே கேள்விகளை நிறுத்திவிட்டு, "நீ கட்டுன வண்டியக் காட்டு" என்று பத்து நிமிடம் பிள்ளையின் போக்கில் கூட இருக்க ஓர் அப்பாவுக்குக் கற்றுக்கொடுக்கலாம். இரவு அம்மா ஒன்று சொல்லி, அப்பா போனில் வேறொன்று சொல்லி உடைக்காமல் இருக்கவும் கற்றுக்கொடுக்கலாம். சிங்கப்பூர்க் கட்டுமான வேலைக்காரர்கள் பலருக்கும் ஞாயிறுதான் ஓய்வு. இங்கே மாலை நாலரை என்றால் அங்கே ஏழு மணி. வாரத்தின் முழு அழைப்பை அந்த நேரத்தில் வைத்து, பணியாளர், அம்மா, அப்பத்தா, அங்கிருந்து அப்பா என்று நாலு பேரையும் ஒரே அழைப்பில் சேர்த்துவிட முடியும். அதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.